ஆற்றங்கரையும் நாமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று நம் செயலாளர் என்னை அழைத்தபொழுது, எதைப் பற்றிப் பேசுவது என்று கேட்டேன். "கம்பரைப் பற்றியோ வள்ளுவரைப் பற்றியோ பேசுங்கள், இல்லையேல் உங்கள் விருப்பம்" என்றார். கம்பரையும் வள்ளுவரையும் என்னினும் நன்கு கற்றவர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கின்றனர். ஆகவே, அவர் அளித்த உரிமையைப் பயன்படுத்திக்கொண்டு, நம் குடியிருப்பிலிருந்து நடக்கும் தொலைவில் இருந்தும் நாம் கண்ணெடுத்துப் பாராத ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். அது நம் கார்டன் ரீச்சின் ஆற்றங்கரை.

தமிழ்ச் சங்கத்திற்கும் ஆற்றங்கரைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். அதற்கு விடையாக, என் இளமையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை முதலில் கூறுகின்றேன்.

என் தாயார் திருவையாற்றுக்கு அருகே காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவர். என் தந்தையார் இரயில்வேயில் எழுத்தராக இங்கே வந்தபொழுது, அவருடன் வந்து குடித்தனம் தொடங்கினார். ஆடித் திங்கள் பதினெட்டாம் நாள் வந்தது. காப்பரிசி கிளறி, காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறும் எடுத்து வைத்து, எனக்கு அட்டைப் பெட்டியில் ஒரு சப்பரமும் செய்து கொடுத்து, ஆற்றுக்குப் போவோம் என்று அழைத்துச் சென்றார். நான் சப்பரத்தை இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். நெடுந்தூரம் நடந்தோம். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் கிடங்கு. ஆற்றின் வாடை வந்தது. கப்பலின் சங்கொலி கேட்டது. ஆற்றை மட்டும் காணோம். இறுதியில் ஓர் இரும்புக் கதவு வந்தது. அங்கிருந்த காவலாளி, "இது வேலை நடக்கும் இடம், வழியில்லை அம்மா" என்று பணிவாகவே சொல்லிவிட்டார்.

அம்மா வாதாடவில்லை. வீட்டுக்குத் திரும்பி, குழாயடியில் ஒரு குடம் நீர் பிடித்து, அதற்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, கற்பூரம் காட்டினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு குழாயடியிலேயே நடந்தது. அந்தக் குழாய் நீரும் இந்த ஆற்றின் நீரே என்பதை நான் அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. 1982ஆம் ஆண்டில் கார்டன் ரீச்சிலேயே குடிநீர் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆற்று நீரை எடுத்துத் தெளியவைத்துத் தென்கொல்கத்தாவின் பல பகுதிகளுக்கும் அது வழங்கி வருகின்றது. ஆக, நாம் நாள்தோறும் பருகுவது இந்த ஆற்றை. ஆனால் அதன் கரையில் நின்று பார்ப்பதற்கு நமக்கு வழியில்லை. இந்த முரண்பாடுதான் என்னை இன்று பேச வைத்தது.

அன்பர்களே! இந்தக் கரை என்றும் இப்படி மூடிக் கிடந்ததன்று. ரீச் என்பது ஆற்றின் இரண்டு வளைவுகளுக்கு இடையே நீண்டு கிடக்கும் நீர்வெளியைக் குறிக்கும் கப்பலோட்டிகளின் சொல். பதினெட்டாம் நூற்றாண்டில் இக்கரை நெடுகிலும் ஆங்கிலேயச் செல்வர்கள் தோட்ட மாளிகைகள் கட்டினர்; அதனால் கார்டன் ரீச் என்னும் பெயர் நிலைத்தது. கடலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த கப்பல்களின் பயணிகளுக்கு நகரத்தின் முதல் அழகிய காட்சி இதுவாகவே இருந்தது. அக்கரையில் 1787ஆம் ஆண்டில் தாவரத் தோட்டம் அமைந்தது. இன்று ஆச்சாரிய ஜகதீச சந்திர போசின் பெயரைத் தாங்கி நிற்கும் அத்தோட்டத்து ஆலமரத்தை நம் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பார்கள்.

1856ஆம் ஆண்டு மே மாதத்தில் வேறொருவர் இக்கரையில் இறங்கினார். அவர்தாம் அயோத்தி நாட்டை ஆங்கிலக் கம்பெனியிடம் இழந்த நவாப் வாஜித் அலி ஷா. மட்டியாபுருஜில் அவர் குடியேறினார். மண் கோபுரம் என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, 1887இல் மறையும்வரை, இழந்த இலட்சுமணபுரியை இக்கரையில் மீண்டும் எழுப்ப அவர் முயன்றார். மாளிகைகளும் விலங்குச் சாலையும் இசையும் நடனமும் அங்கே தழைத்தன. அவர் மறைந்தபின் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. அவர் அடக்கமாகியுள்ள சிப்தைனாபாத் இமாம்பாரா இன்றும் நிற்கின்றது. பிறந்த மண்ணை விட்டு வந்தவர், வந்த இடத்தில் ஊரை உண்டாக்கினார் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். ஏனெனில் நாமும் வந்தவர்களே.

பின்னர்க் கரையின் முகம் மாறியது. 1870இல் துறைமுகப் பொறுப்பாட்சி ஏற்பட்டது. 1884இல் நீராவிப் படகுகளைச் செப்பனிடும் சிறிய பட்டறை ஒன்று தோன்றியது. அதுவே வளர்ந்து, 1960இல் அரசின் உடைமையாகி, 1961இல் விடுதலை பெற்ற இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் போர்க்கப்பலான 'அஜய்' கப்பலைக் கடற்படைக்கு அளித்தது. 1892இல் கித்திர்ப்பூர்க் கப்பல் துறை திறக்கப்பட்டது. பின்னர், இன்று நேதாஜி சுபாஷ் பெயரில் வழங்கும் துறை திறக்கப்பட்டது. பெங்கால் நாக்பூர் இரயில்வேயின் தலைமையகமும் இங்கே அமைந்தது. 1955இல் தென்கிழக்கு இரயில்வே உருவானபொழுது அதன் தலைமையகமாகவும் கார்டன் ரீச்சே விளங்கியது. நம்முள் பலருடைய தந்தையரும் பாட்டனாரும் இவ்வூருக்கு வந்தது அந்த இரயில்வேயால் அன்றோ?

ஆகவே கரையை மூடியவர்கள்மேல் குறை கூறுவது என் நோக்கமன்று. கப்பல் துறையும் பட்டறையும் இரயில்வேயும் நமக்குச் சோறு போட்டவை. கப்பல் கட்டும் இடத்தில் பொதுமக்கள் உலவ முடியாது என்பதை நாம் அறிவோம். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வேண்டிய துண்டை வளைத்துக்கொண்டபொழுது, ஊராருக்கு வேண்டிய துண்டு எது என்று கேட்க ஒருவரும் இல்லாமற்போயிற்று. கார்டன் ரீச் தனியே ஒரு நகராட்சியாக இருந்து, 1984இல் கல்கத்தா மாநகராட்சியுடன் இணைந்த ஊர். கரையின் உரிமையோ துறைமுகம், இரயில்வே, கப்பல் தளம், மாநகராட்சி என்று பல கைகளில் இருக்கின்றது. பலர் உரிமையாளராக இருக்கும் இடத்தில் ஒருவரும் பொறுப்பாளராக இருப்பதில்லை. இடையிடையே எஞ்சிய படித்துறைகள் ஆதரவற்றுக் கிடக்கின்றன.

அவற்றுள் இரண்டை மட்டும் உங்களுக்கு நினைவூட்டுகின்றேன். ஒன்று மட்டியாபுருஜில் உள்ள பிச்சாலிகாட். வைக்கோல் துறை என்று தமிழில் சொல்லலாம். நவாப் வந்து இறங்கியதாகக் கூறப்படும் துறை அது. இன்று உழைப்பாளிகளும் தையற்காரர்களும் படகேறி அக்கரைக்குச் சென்று வரும் துறையும் அதுவே. மற்றொன்று சுரினாம் துறை. 1873ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கல்கத்தாவிலிருந்து 'லாலா ரூக்' என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு, தென்னமெரிக்காவின் டச்சுக் குடியேற்றமான சுரினாமுக்குப் புறப்பட்டது. அவ்வாறு சென்றவர்களின் நினைவாக 2015ஆம் ஆண்டில் இத்துறையில் ஒரு சிலை திறக்கப்பட்டது. மூட்டையுடன் நிற்கும் ஓர் ஆடவனும் ஒரு பெண்ணும். 'மாயீ பாப்', அதாவது தாய் தந்தை என்பது அதன் பெயர்.

அந்தச் சிலையின்முன் நிற்கும் தமிழன் எவனும் தன் முன்னோரை எண்ணாமல் இருக்க முடியாது. 1860இல் சென்னையிலிருந்து 'டுரூரோ' கப்பல் நம்மவரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்றது. கரும்புத் தோட்டத்துக்கும் இரப்பர்த் தோட்டத்துக்கும் தேயிலை மலைக்கும் சென்றவர் கதை நம் குடும்பங்களில் எத்தனையோ உண்டு. நாம் சென்னை மெயிலில் இருக்கை பதிவு செய்துகொண்டு வந்தவர்கள். அவர்கள் திரும்பும் நாளை அறியாமல் கப்பலேறினார்கள். அவர்கள் கடைசியாக மிதித்த படியில் இன்று குப்பை கிடந்தால், அதைக் கண்டும் காணாமல் போவது நமக்கு அழகாகுமா?

சரி, என்ன செய்யலாம்? பிற ஊர்களில் என்ன செய்தார்கள் என்று முதலில் பார்ப்போம்.

நம் நகரத்திலேயே 2012ஆம் ஆண்டில் பிரின்செப் துறைக்கும் பாபு துறைக்கும் இடையே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் கரை திருத்தியமைக்கப்பட்டது. நடைபாதையும் விளக்கும் இருக்கையும் அமைந்தன. மாலை வேளையில் அங்கே கூடும் மக்களைக் கண்டால், இந்நகரத்தார் ஆற்றுக்காக எவ்வளவு ஏங்கியிருந்தனர் என்பது விளங்கும். பிராமி எழுத்தை 1837இல் படித்தறிந்த ஜேம்ஸ் பிரின்செப்பின் நினைவாக எழுந்த துறை அது. நம் பழந்தமிழ்க் குகைக் கல்வெட்டுகளைப் படிப்பதற்கும் அவர் பணி வழி திறந்தது. நம் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று இதைச் சொல்ல வேண்டும். ஆயினும் நகரத்தின் நடுவே செய்ததை அப்படியே எடுத்து வந்து கார்டன் ரீச்சில் ஒட்டவைக்க முடியாது. அது உலாவப் போவோரின் கரை. இது உழைப்போரின் கரை.

அகமதாபாத்தில் சபர்மதி ஆற்றங்கரையைப் புதுப்பிக்க 1997இல் தனி நிறுவனம் ஒன்று ஏற்பட்டது. இருகரையிலும் பல கிலோமீட்டர் தூரம் சுவர் எழுப்பி, 2012இல் நடைபாதையை மக்களுக்குத் திறந்துவிட்டனர். அழகிய பணி, நாடெங்கும் அதை எடுத்துக்காட்டாகக் கூறுகின்றனர். ஆனால் அக்கரையில் குடிசை போட்டு வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர வேண்டியதாயிற்று. வழக்கு உயர்நீதிமன்றம்வரை சென்ற பின்னரே பலருக்கு மாற்று வீடு கிடைத்தது. கரை யாருக்கு என்னும் கேள்வியைத் திட்டம் வரையும் முன்னரே கேட்க வேண்டும். சுவர் எழுந்தபின் கேட்பதில் பயன் குறைவு என்பதே அங்கிருந்து நாம் கற்கும் பாடம்.

இனி, நமக்கு மிக அருகில் உள்ள ஒரு சிற்றூரைக் காட்டுகின்றேன். இதே ஆற்றின் மேற்குக் கரையில், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வடக்கே இருப்பது சிராம்பூர். 1755 முதல் டேனிஷ்காரர் வசம் இருந்த ஊர் அது. நம் தரங்கம்பாடிக்கு அது தங்கை முறை என்று சொல்லலாம். 1845இல் டென்மார்க் அரசு தரங்கம்பாடியையும் சிராம்பூரையும் சேர்த்தே 12½ இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றது. தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்தவர்கள், சிராம்பூர்க் கரையில் நின்றால் ஊர்வாசம் அறிவார்கள்.

அங்கே ஆற்றை நோக்கி 1786இல் ஏற்பட்ட பயணிகள் விடுதி ஒன்று கூரை இடிந்து, செடி முளைத்து, பாழடைந்து கிடந்தது. டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகமும் மேற்கு வங்க அரசின் மரபுக் காப்பு ஆணையமும் சேர்ந்து அதைப் பழைய உருவிலேயே எழுப்பின. 2018இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. 1806இல் கட்டிமுடிந்த புனித ஓலாவ் தேவாலயமும் செப்பனிடப்பட்டு, 2016இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதைப் பெற்றது. இதில் நான் போற்றுவது விருதையன்று. அந்த விடுதியைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டிவிடவில்லை. இன்று அங்கே ஊரார் தேநீர் அருந்துகின்றனர், பயணிகள் தங்குகின்றனர். நாள்தோறும் மனிதர் வந்துபோகும் கட்டடம் மறுபடியும் பாழாவது அரிது. புதிதாக ஒன்றைக் கட்டுவதற்குமுன், இருப்பதைச் செப்பனிட்டுப் பயனுக்குக் கொண்டுவருவதே சிக்கனமான வழியும் நிலைத்த வழியும் என்பதைச் சிராம்பூர் காட்டுகின்றது.

பெண்கள் முன்னின்றால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு சான்று கூறுகின்றேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ என்னும் ஊரில் 1921இல் பெருவெள்ளம் வந்து பலர் மாண்டனர். ஆற்றின் ஒரு வளைவையே மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. 1924இல் மகளிர் தொடங்கிய ஒரு பாதுகாப்புச் சங்கம் ஆற்றுக்காக வாதாடியது. பின்னர் ஓர் இளம் கட்டடக் கலைஞர் கரையில் நடைபாதைக்குத் திட்டம் வரைந்தார்; 1941இல் அப்பணி முடிந்தது. இன்று அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே உலகத்தார் நினைப்பது அக்கரையைத்தான். நம் தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

ஊர் கூடி நீரைக் காப்பது வெளிநாட்டாரிடம் நாம் கற்க வேண்டிய பாடமன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் அவை பொறிக்கப்பட்டன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலையிட்டு ஆட்களைத் தேர்ந்தனர். அவர்களிலிருந்து ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியன அமைந்தன. வாரியத்தில் இருப்போர் 360 நாள் பணிசெய்து விலக வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் நெருங்கிய உறவினர்க்கும் மீண்டும் இடமில்லை. பிராமண ஊர்ச்சபை அது. எல்லார்க்கும் அதில் இடம் இருக்கவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஏரிக்கு ஒரு வாரியம், அதற்குக் காலவரை, அதற்குக் கணக்கு என்னும் மூன்றையும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்தவர்கள் நம் முன்னோர். மதகும் வாய்க்காலும் ஊராரே கூடித் திருத்திய குடிமராமத்து முறையையும் நம் பாட்டன்மார் அறிவர்.

அந்த மூன்றையும் மனத்திற்கொண்டு, நம் கரைக்கு என்ன செய்யலாம் என்பதைச் சொல்லி முடிக்கின்றேன்.

முதலாவது, கண்ணால் பார்த்தல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாம் குடும்பத்துடன் புறப்பட்டு, பொதுமக்கள் செல்லத்தக்க துறைகள் எவை என்று நடந்து பார்ப்போம். எங்கே படி உடைந்திருக்கின்றது, எங்கே விளக்கில்லை, எங்கே சாக்கடை வந்து விழுகின்றது என்று பிள்ளைகள் ஒரு வரைபடத்தில் குறிக்கட்டும். ஒரே வேளையில் பார்த்தால் போதாது. இந்த ஆறு காவிரியைப் போன்றதன்று. நாளுக்கு இருமுறை கடல் இதற்குள் வந்து போகின்றது. ஏற்றத்தை ஜோயார் என்றும் வற்றத்தைப் பாட்டா என்றும் வங்காளியர் வழங்குவர். ஏற்றத்தில் நீர் மேற்படியைத் தொடும். வற்றத்தில் கீழ்ப்படிகள் சேறாகிக் காலை வழுக்கும். சில நாட்களில் 'பான்' என்னும் ஓத அலை சுவர்போல் எழுந்து வரும். இதை அறியாமல் எழுதும் திட்டம் முதல் மழைக்காலத்திலேயே சேற்றில் புதையும்.

இரண்டாவது, கேட்டல். கரையைப் பற்றி அதிகம் அறிந்தவர்கள் மேசையருகே அமர்ந்திருப்போர் அல்லர். படகோட்டியையும், விடியலில் குளிக்க வருபவரையும், துறையில் தேநீர் விற்பவரையும், இரவுப் பணி முடிந்து படகுக்குக் காத்திருக்கும் தொழிலாளியையும் கேட்க வேண்டும். துர்க்கை பூசை முடிவில் படிமங்களைக் கரைக்க வருவோரும், சட் பூசைக்குச் சூரியனை வணங்க வருவோரும், தைய்யா என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாலைக் காற்றுக்கு வரும் மட்டியாபுருஜ்த் தாய்மார்களும் இக்கரைக்கு உரியவர்களே. அவர்கள் கேட்பவை பெரும்பாலும் சிறியவையாகவே இருக்கும்: படிக்கு ஒரு கைப்பிடி, ஒரு விளக்கு, பெண்களுக்கு ஒரு கழிப்பறை, படகுக்குக் காத்திருக்க ஒரு நிழல். பளிங்கு மேடை வேண்டும் என்று அவர்கள் கேட்க மாட்டார்கள்.

மூன்றாவது, அழுக்கைத் தடுத்தல். 1986இல் கங்கைச் செயல் திட்டம் தொடங்கியது. 2014இல் நமாமி கங்கை என்னும் திட்டம் வந்தது. அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். செய்யாவிடில் நாம் கேட்போம். ஆனால் நம் கை சுத்தமாக இருந்தால்தான் கேட்கும் குரல் உரத்து ஒலிக்கும். பூசை முடிந்த மாலையைப் பிளாஸ்டிக் பையோடு ஆற்றில் எறிவது புண்ணியம் என்று எண்ணுபவர் நம்மிலும் உண்டு. நானும் ஒரு காலத்தில் அவ்வாறு செய்தவன்தான். தெய்வத்துக்குச் சூட்டியதைத் தெய்வமாக வணங்கும் நீரிலேயே குப்பையாக்கினேன். நம் குடியிருப்பிலேயே மாலைகளுக்கு ஒரு குழி வெட்டி எருவாக்கினால், அதுவே இத்திட்டத்தின் முதற்பணியாகும்.

நான்காவது, ஒரு கரை வாரியம். இது தமிழர் வாரியமாக இருத்தல் கூடாது. வங்காளியர், உருதுவும் இந்தியும் பேசுவோர், ஒரியர், தெலுங்கர் ஆகிய அண்டை வீட்டார் அனைவரும் இதில் இருக்க வேண்டும். நம் சங்கம் அழைப்புக் கடிதம் எழுதும் வேலையை மட்டும் ஏற்றுக்கொள்ளட்டும். ஓராண்டுக் காலவரையும் வெளிப்படையான கணக்கும் இருக்கட்டும். எல்லாக் கதவையும் திறக்குமாறு கேட்க வேண்டா. ஏற்கெனவே பொதுமக்கள் புழங்கும் ஒரே ஒரு துறையை எடுத்துக்கொண்டு, அதற்கு வேண்டியவற்றைப் படமும் பட்டியலுமாக எழுதி, துறைமுகத்தாரிடமும் மாநகராட்சியாரிடமும் சென்று பேசுவோம். கரையில் பிழைப்பு நடத்தும் ஒருவரையும் அப்புறப்படுத்தாமல் செய்ய வேண்டும் என்பதை அந்த விண்ணப்பத்தின் முதல் வரியாக எழுதுவோம்.

அன்பர்களே! இதற்கெல்லாம் எழக்கூடிய ஒரு மறுப்பை நான் அறிவேன். "நாம் மாற்றலில் வந்தவர்கள், இன்றிருப்போம், நாளை வேறிடம் போவோம். ஓய்வு பெற்றால் திருச்சிக்கோ சென்னைக்கோ சென்றுவிடுவோம். இந்தக் கரை நமக்கு எதற்கு?" என்பது அம்மறுப்பு. என் தந்தையாரும் இவ்வாறே சொன்னார். மூன்றாண்டு என்று வந்தவர், முப்பதாண்டு இருந்தார். ஊருக்குப் போவோம், போவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்து, இங்கேயே கண்மூடினார். அவர் அஸ்தியைக் காவிரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று உறவினர் சிலர் சொன்னபொழுது, அம்மா ஒரு சொல்லே சொன்னார்: "முப்பது வருஷம் குடித்த தண்ணீர் இது, இதிலேயே விடு." அன்று நானும் அம்மாவும் படியில் இறங்கி ஆற்றைத் தொட்டோம். வந்த முதலாண்டில் காணமுடியாத ஆற்றை அவர் தொட்டது அவ்வளவு காலத்திற்குப் பிறகுதான்.

மூன்றாண்டு இருப்பவனும் மூன்றாண்டு இந்த நீரைத்தான் குடிக்கின்றான். இருக்கும் காலம்வரை அவன் இக்கரைக்கு உரியவன். விருந்தாளி வீட்டைப் பெருக்குவதில்லை, வீட்டான் பெருக்குவான். துடைப்பத்தை எடுக்கும் நாளில் நாம் வீட்டாராகிவிடுகின்றோம். நம்மை வங்காளியர் வந்தேறிகள் என்று எண்ணுவரோ என்று ஐயுறுவோர்க்கு நான் வேறு விடை கூற வேண்டியதில்லை.

ஆகவே, இந்த அவையின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். வரும் ஆடிப்பெருக்குக்கு நம் தாய்மார்கள் காப்பரிசியுடன் குழாயடிக்குச் செல்லாமல், அண்டை வீட்டு வங்காளப் பெண்களையும் இஸ்லாமியப் பெண்களையும் அழைத்துக்கொண்டு, ஒரு துறையின் படியில் சென்று நிற்க வேண்டும். அந்தப் படி கழுவித் துடைத்ததாக, கைப்பிடி வைத்ததாக, ஒரு விளக்கு எரிவதாக இருக்க வேண்டும். ஓர் ஆண்டில் அவ்வளவு செய்தால் போதும். நம் பிள்ளைகள் அங்கே சப்பரம் இழுக்கட்டும். அவர்களை நிறுத்துவதற்கு ஒரு கதவு இல்லாதிருக்கட்டும்.

என் தாயார் இன்று இல்லை. அவர் இருந்திருந்தால் இந்த அவையில் முன்வரிசையில் அமர்ந்து, "பேசியது போதும், எப்பொழுது போகலாம்?" என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்வியை அவர் சார்பில் உங்கள் முன் வைத்து அமர்கின்றேன்.